நின்ற இடமே நடு

மலேசியாவின் கெடா மாநிலத்தில், அலோர்ஸ்டாரை அடுத்த கிரியாங் மலையடிவாரத்தில் நெல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 2004-இல் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் கலப்பை, அரிவாள், உரல் என்று உழவர் வீட்டுப் பண்டங்களைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினால் வட்டமான ஒரு கூடம். சுவர் முழுக்க ஒரே ஓவியம். வட கொரிய ஓவியர்கள் வந்திருந்து தீட்டியது. கெடாவின் வயல், வரப்பு, மலை, வானம் எல்லாம் நம்மைச் சூழ்ந்து நிற்கும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கைகாட்ட முடியாது. பார்வையாளர் அமரும் தளம் மெல்லச் சுழல்கிறது. நாம் அசையாமல் உட்கார்ந்திருக்க, வயல்வெளி நம்மைச் சுற்றி வருவதுபோல் இருக்கும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு விளையாட்டு மனத்தில் ஓடியது. இந்த வட்டச் சுவரை ஓரிடத்தில் கத்தரித்துப் பிரித்து விரித்தால் நீண்ட ஒரு பட்டைப் படம் கிடைக்கும். கைப்பேசியில் நாம் எடுக்கிற பனோரமா அதுதான். அந்தப் பட்டையைத் தரையில் படுக்கப்போட்டு, வயல் உள்பக்கமாகவும் வானம் வெளிப்பக்கமாகவும் மறுபடி வட்டமாக வளைத்து, தட்டையாக அழுத்தினால்? வயல் ஒரு பச்சை உருண்டையாகும். மலையும் மரங்களும் அதன் மேல் முளைத்து எல்லாத் திசையிலும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் நீல வானம். குட்டிக்கோள் என்று இன்று கணினித் திரைகளில் உலவும் படவகை இதுவே. அந்துவான் து செந்த்-எக்சுபெரியின் குட்டி இளவரசன் வாழ்ந்த கோளைப் போலிருப்பதால் பல மொழிகளில் இதற்கு இப்படி ஒரு செல்லப்பெயர் அமைந்தது. தமிழில் அந்தக் கதை 1981-இல் க்ரியா வெளியீடாக வந்தது. அதைப் படித்த கண்ணுக்கு இந்தப் படங்கள் உடனே பிடிபடும்.

இது வெறும் கண்கட்டு வித்தையா, நம் ஊர்களைப் பதிந்துவைக்க உதவும் கலையா? கெடாவின் தோட்டங்களையும் பட்டணங்களையும் இப்படிச் சுருட்டும்போது எது தங்குகிறது, எது தொலைகிறது? சில ஆண்டுகளாக முக்காலியும் கையுமாக இந்த மாநிலத்தைச் சுற்றியவன் என்ற முறையில் என் விடையைச் சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் கணக்கும் வேண்டும்.

முழுவட்ட ஓவியத்துக்கு 1787-இல் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் பார்க்கர். எடின்பரோ நகரத்தைச் சுற்றிலும் வரைந்து காட்டியவர். 1793-இல் இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டக் கட்டடம் எழுப்பினார். பனோரமா என்ற சொல்லே அந்தக் காலத்தில் பிறந்ததுதான். கிரியாங் மலையடிவாரக் கூடம் அந்த மரபின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று.

கோளத்தைத் தட்டையாக்கும் கணக்கு இதைவிட மிகப் பழையது. ஓர் உருண்டையின் உச்சியில் விளக்கை ஏற்றி, உருண்டை மேல் உள்ள கோடுகளின் நிழல் கீழே விரித்த தாளில் எப்படி விழும் என்று பாருங்கள். அந்த நிழற்படத்துக்கு ஸ்டீரியோகிராஃபிக் வீழ்ப்பு என்று பெயர். பெயரைச் சூட்டியவர் 1613-இல் ஃபிரான்சுவா தாகிலோன். ஆனால் தாலமி காலத்திலேயே அதைக் கையாண்டிருக்கிறார்கள். விண்மீன்களின் இடமறிய வானியலார் வைத்திருந்த அஸ்ட்ரோலேப் தகடு இந்தக் கணக்கில் அமைந்ததுதான். இதற்கு இரண்டு நல்ல குணங்கள். உருண்டை மேல் வட்டமாக இருப்பது தாளிலும் வட்டமாகவே விழும் (விளக்கின் வழியே போகும் வட்டம் மட்டும் நேர்க்கோடாகும்). இரண்டு கோடுகள் சந்திக்கும் கோணம் மாறாது. கோணம் மாறாததால் சிறு உருவங்களின் வடிவமும் கெடாது. இந்த இரண்டாவது குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணினியில் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவர் ஜெர்மனிப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ். 1998-இல் அவர் இலவசமாகக் கொடுத்த பனோரமா டூல்ஸ் என்ற நிரல் தொகுதியின் மேல்தான் பிறகு ஹுகின், பிடிகுய் போன்ற மென்பொருள்கள் வளர்ந்தன. பிரான்ஸில் கணினி ஆய்வாளராகிய அலெக்சாந்தர் துரே-லுட்ஸ் இந்தக் கருவிகளைக் கொண்டு குட்டிக்கோள் படங்களை அடுக்கடுக்காகச் செய்து காட்ட, உலகெங்கும் ஆர்வலர்கள் பின்தொடர்ந்தார்கள். 2012-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் முழுக்கோளப் படமெடுக்கும் வசதி வந்தது. 2013-இல் ரிக்கோ நிறுவனம் இரு பக்கமும் கண்ணுள்ள தீட்டா கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2018-இல் சிறு டிரோன்களே தாமாகச் சுற்றி எடுத்துக் கோளாக்கித் தந்தன. அதே ஆண்டில் கிம்ப் 2.10 வெளிவந்தபோது அதற்குள் குட்டிக்கோள் என்ற பெயரிலேயே ஒரு ஃபில்டர் இருந்தது. கிம்ப், ஹுகின் இரண்டும் இலவசம். தோட்டத்துப் பிள்ளையும் பழைய மடிக்கணினியில் இதைச் செய்யலாம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனிக் கணக்கு. குட்டிக்கோள் செய்ய இரண்டு வழிகள் புழங்குகின்றன. பெரும்பாலோர் முதலில் கற்பது போட்டோஷாப் வழி: பட்டைப் படத்தைச் சதுரமாக இழுத்து, தலைகீழாகத் திருப்பி, போலார் கோஆர்டினேட்ஸ் ஃபில்டரைத் தட்டினால் ஒரு நொடியில் கோள் வந்துவிடும். இரண்டாவது வழி, முழுக்கோளப் படத்தை ஹுகினிலோ பிடிகுய்யிலோ திறந்து, பார்வையைக் காலடிக்கு, அதாவது எதிர் 90 பாகைக்கு இறக்கி, ஸ்டீரியோகிராஃபிக் வீழ்ப்பைத் தேர்ந்தெடுப்பது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

வேறுபாடு எனக்கு விளங்கியது ஒரு கோயில் திருவிழாப் படத்தில். தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் நின்று எடுத்த முழுவட்டம். போலார் ஃபில்டரில் போட்டால் காவடிக்காரர்கள், உறுமி அடிப்பவர்கள், பால்குடம் ஏந்திய பெண்கள் எல்லோரும் பருத்துக் குறுகி விட்டார்கள். ஒரு பாட்டி படத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, எல்லாரையும் பூசணிக்கா மாதிரி பண்ணி வச்சிருக்க" என்றார். அவர் கண் பிடித்தது சரியான பிழை. முழுக்கோளப் படத்தைப் போலார் ஃபில்டரில் இட்டால் காலடியிலிருந்து உள்ள கோணத்தூரம் அப்படியே ஆரமாகிறது. ஐக்கிய நாடுகள் கொடியில் உள்ள உலகப்படமும் இந்த வகைதான். நடுவிலிருந்து வெளியே செல்லும் அளவு சரியாக இருக்கும். குறுக்களவு விரிந்துகொண்டே போகும். அடிவான உயரத்தில் அகலம், உயரத்தைப்போல் 1.57 மடங்கு. அடிவானத்துக்கு மேல் 45 பாகையில் 3.3 மடங்கு. உச்சிவானம் என்ற ஒரே புள்ளி, வெளிவட்டம் முழுவதுமாகத் தேய்ந்து படர்ந்துவிடும். ஆக, நின்றவர்கள் ஒன்றரை மடங்கு பருத்தார்கள். கோபுரக் கலசம் தட்டுப்போல் ஆனது.

ஸ்டீரியோகிராஃபிக் வழியில் எந்த இடத்திலும் குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவில் பெருகுகின்றன. அடிவானத்தில் இரண்டும் இரண்டு மடங்கு. 45 பாகை உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. பெரிதாகும், ஆனால் உருவம் குலையாது. மனிதர் மனிதராகவே இருப்பார். அதே விழாப் படத்தை மறுபடி இந்த வழியில் செய்து அந்தப் பாட்டியிடம் கொண்டு போனேன். தன் பேத்தியைத் தேடி விரல் வைத்துக் காட்டினார். மனிதர்கள் இருக்கும் படத்துக்கு இந்த வழியைத் தவிர வேறு எதையும் நான் ஏற்கமாட்டேன்.

சாதாரணக் கைப்பேசிப் பனோரமாவில் இன்னொரு குறையும் உண்டு. அது நடுப்பட்டை மட்டும்தான். காலடி நிலமும் உச்சிவானமும் அதில் இல்லை. ஃபில்டர் என்ன செய்யும்? பட்டையின் கீழ்விளிம்பு முழுவதையும் ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் செருகும். அதனால்தான் அத்தகைய கோள்களின் நடுவில் பை வாயைச் சுருக்குக் கயிற்றால் இழுத்ததுபோல் ஒரு சுருக்கம் விழுகிறது. புல்தரையாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சிமெண்டுத் தரை, கோலம் போட்ட வாசல் என்றால் மறைக்க முடியாது. விளையாட்டாகச் செய்துபார்க்க அது போதும். வைத்துக் காப்பாற்ற வேண்டிய படம் என்றால் முழுக்கோளமாக, அகலம் உயரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு உள்ள படமாகவே எடுக்க வேண்டும்.

எடுக்கும் முறைக்கு நம் பிள்ளையார் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. மாம்பழத்துக்காக உலகைச் சுற்றப் புறப்பட்டார் முருகன். அம்மையப்பனை நடுவில் வைத்துச் சுற்றி முடித்தார் பிள்ளையார். கைப்பேசியை நீட்டிப் பிடித்து, தாம் நின்ற இடத்திலேயே திரும்பிப் படமெடுப்பவர்கள் முருகன் வழியில் போகிறார்கள். கைநீளத்துக்குக் கேமரா இடம் மாறிக்கொண்டே போகிறது. பக்கத்திலுள்ள தூண் ஒரு படத்தில் கதவை மறைக்கும், அடுத்த படத்தில் மறைக்காது; ஒட்டும்போது தூண் இரண்டாகப் பிளக்கும். லென்ஸ் ஒரே புள்ளியில் நிற்க, நாம் அதைச் சுற்றி வர வேண்டும். முக்காலி இல்லாவிட்டால் கைப்பேசியிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கல் தரையில் ஒரே குறியின் மேல் நிற்கும்படி பார்த்துக்கொண்டு சுற்றி வரலாம். வயல்வெளியில் எல்லாம் தூரத்தில் இருப்பதால் இந்தப் பிழை வெளியே தெரியாது. தோட்டத்து லய வீடுகளின் ஐந்தடித் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மட்டம் பார்த்து முக்காலியை நிறுத்துவது, எல்லாப் படத்துக்கும் வெளிச்ச அளவைப் பூட்டிவைப்பது, தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தில் ஆள் நடமாட்டம் இல்லாமல் பார்ப்பது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. கெடாவுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும்: பிற்பகல் மழைமேகம் வேகமாகக் கட்டும். ஒரு சுற்று முடிப்பதற்குள் வானத்தின் ஒரு பாதி வெள்ளை, மறுபாதி கறுப்பு என்று ஆகிவிடும். காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில் எடுத்துவிடுவது நல்லது.

எந்த இடம் நல்ல கோளாகும்? இதில்தான் நான் நெடுநாள் தவறு செய்தேன். கண்ணுக்கு அழகான இடம் கோளாகவும் அழகாக இருக்கும் என்று நம்பினேன். எங்கள் பகுதிக்கு அழகென்றால் ஜெராய் மலை. 1,217 மீட்டர். சுங்கைப்பட்டாணி, பீடோங், குரூண், யான் என்று எங்கே திரும்பினாலும் நிற்கும். கடாரம் என்று பெயர்பெற்ற பழைய கெடாவுக்கு வந்த கப்பல்களுக்கு அது கடலிலிருந்தே அடையாளம் காட்டியிருக்க வேண்டும். 1025-இல் இராசேந்திர சோழனின் கடற்படை கண்டதும் இந்த மலையைத்தானே என்ற நினைப்பு இங்கே பிறந்த ஒவ்வொரு தமிழனுக்கும் உண்டு. பீடோங் பக்கத்தில் ஒரு தென்னைக்கு அருகே நின்று அந்த மலையைக் கோளாக்கினேன். மலை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு சிறு மேடு. அதன் பக்கத்தில் தென்னை வானளாவ நின்றது.

கணக்கு இதை அன்றே சொல்லியிருக்கும். பத்துப் பதினோரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் ஜெராயின் உச்சி அடிவானத்துக்கு மேல் ஆறு பாகை அளவில்தான் இருக்கிறது. கோளின் ஆரம் ஒன்று என்றால் மலையின் உயரம் அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம். 12 மீட்டர் மரம் ஒன்று 24 மீட்டர் தள்ளி நின்றால் ஆரத்தில் பாதி உயரம் எடுத்துக்கொள்ளும். அதே மரத்துக்கு ஆறு மீட்டர் பக்கத்தில் போய்விட்டால் 60 பாகை உயரம். மரம் கோளின் ஆரத்தைப்போல் இரண்டே முக்கால் மடங்கு நீண்டுவிடும். குட்டிக்கோள் பக்கத்தில் உள்ளதை உயர்த்தி, தொலைவில் உள்ளதை ஒடுக்கும். ஆகவே மலைக்கும் கடலுக்கும் நீண்ட பட்டைப் படமே உரியது. கோளுக்கு உரியவை மரத்தடி, வாசல், முச்சந்தி, களம். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் விட்டு நிற்பது என் அனுபவத்தில் அழகான அளவு. நாலு மீட்டர் உயர லயத்து வீட்டுக்கு எட்டு மீட்டர் தள்ளி நிற்கலாம்.

வயல்வெளி தனிக்கதை. முடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபின் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேரில் ஆண்டுக்கு இரண்டு போகம். நடவுக்கு முன் நீர் கட்டிய நாள்களில் வானமே தரையில் கிடக்கும். அப்போது எடுத்த கோள், உள்ளும் புறமும் நீலமாக, நடுவில் வரப்பு மட்டும் ஒரு மெல்லிய வளையமாக இருக்கும். தொலைவில் உயரமாக எதுவும் இல்லாததால் வழுவழுப்பான உருண்டை. நடுவே ஒரு குடிசையோ பம்ப் கொட்டகையோ மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் போதும்.

வான் மாட் சாமான் கால்வாயைச் சொல்லாமல் போக முடியாது. 1885-இல் வெட்டத் தொடங்கியது. அலோர்ஸ்டாரிலிருந்து குரூண் பக்கம் வரை ஏறத்தாழ 36 கிலோமீட்டர். இரவில் தீப்பந்தங்களை வரிசையாக ஏற்றி நேர்க்கோடு பிடித்தார்கள் என்று சொல்கிறார்கள். அப்படிப் பாடுபட்டு நேராக்கிய கோடு குட்டிக்கோளில் என்ன ஆகும்? கால்வாய்ப் பாலத்தின் நட்டநடுவில் நின்றால் கோடு கோடாகவே இருக்கும்: கோளின் ஒரு விளிம்பிலிருந்து நடு வழியாக எதிர் விளிம்பு வரை. பத்தடி விலகிக் கரையில் நின்றால் அதே கால்வாய் வில்லாக வளையும். வளைந்தாலும் எதிரெதிரான அந்த இரண்டு விளிம்புப் புள்ளிகளில்தான் போய் முடியும். ஒன்றுக்கொன்று இணையான கோடுகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் அந்த இரு புள்ளிகளிலேயே கூடும். பூசணிக்காயின் வரிகள் காம்பிலும் அடியிலும் கூடுவதுபோல.

தோட்டத்துக்கு இந்த விதி அப்படியே பொருந்துகிறது. பால்மரம் என்கிற ரப்பர், நிரை நிரையாக நட்ட காடு. வெட்டுக்காரருக்கு நிரைதான் கணக்கு. செம்பனையை முக்கோண அமைப்பில், மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். ஆகவே நிரை மூன்று திசையில் ஓடும். கன்றுகள் இடுப்பளவு இருக்கும் மறுநடவு நிலத்தில் நின்று எடுத்தால் கோளின் விளிம்பில் ஆறு புள்ளிகளில் நிரைகள் கூடுவதைப் பார்க்கலாம். வளர்ந்த காட்டுக்குள் நின்றால் இது தெரியாது. அடிவானமே இல்லாத இடத்தில் கோளுக்கு விளிம்பும் இல்லை. மட்டைகள் எல்லாப் பக்கமும் பீறிட்டு ஒரு புதர்தான் கிடைக்கும். அங்கே படத்தைத் தலைகீழாக்காமல் உச்சியை நடுவில் வைக்க வேண்டும். மரங்களெல்லாம் உள்நோக்கி உயர்ந்து, நடுவில் ஒரு சிறு வட்ட வானம். கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்ப்பது போலிருக்கும். விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு பால் வெட்டியவர்கள் கண்ட வானம் அவ்வளவுதான். பால்காட்டுக்குக் கோளைவிட இந்தக் குகைப்படமே பொருத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

டிரோனை ஏற்றி மேலிருந்து எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், அதற்கு அனுமதி முறைகளும் 400 அடி உயர வரம்பும் உண்டு, தோட்ட நிர்வாகத்தின் இசைவும் வேண்டும். நிரைகள் அற்புதமாக விழும். ஆனால் மனிதர் கண் நின்ற இடமல்ல அது. நான் தரைக்கே திரும்பி வந்துவிட்டேன்.

பட்டணங்களில் சுங்கைப்பட்டாணி மணிக்கூண்டு நல்ல பொருள். 1936-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக எழுந்தது. ஒற்றையாக நிமிர்ந்து நிற்பதால் கோளின் மேல் ஆணி அடித்ததுபோல் நிற்கும். அலோர்ஸ்டாரில் ஜாஹிர் பள்ளிவாசல், பெரிய மண்டபம், 165.5 மீட்டர் கோபுரம் எல்லாம் நடந்து செல்லும் தூரத்துக்குள். திடலில் நின்றால் மூன்றும் ஒரே கோளில் ஏறிக்கொள்ளும். லங்காவியின் 125 மீட்டர் வளைவுப் பாலத்தில் நடுவே நின்றால் பாலமே ஓர் அரைவளையமாகிக் கீழே காடு தொங்கும். இவற்றைச் சுற்றுலாப் பயணிகள் நிறையவே செய்கிறார்கள். நாம் செய்யாவிட்டால் யாரும் செய்யப்போவதில்லை என்ற நிலையில் இருப்பவை தோட்டங்கள்.

ஹார்வார்ட், ஸ்கார்பரோ, விக்டோரியா, ஹென்ரியேட்டா, டப்ளின், பேடனோக் என்று அன்னியப் பெயர்களை நாம் நாவில் பழக்கி ஊராக்கிக் கொண்டோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; பிறகு பல இடங்களில் செம்பனையும் போய் வீட்டுமனைகள் வந்தன. லயங்கள் இடிந்தன. குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்குப் போயின. பள்ளிக்கூடம் இடம் மாறியும் பழைய தோட்டத்தின் பெயரைச் சுமக்கிறது. பல இடங்களில் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கிறது. இந்த வாழ்விடங்களின் பழைய படங்களை வீடுகளில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இருப்பவை கல்யாணப் படம், பள்ளிக் குழுப்படம், திருவிழாவில் நாலு பேர் தோளில் கைபோட்டு நிற்கும் படம். மனிதர் இருப்பார்கள், இடம் இருக்காது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து பார்த்தால் ஆயாக்கொட்டகை எந்தப் பக்கம், கிராணி வீட்டுக்கும் குழாயடிக்கும் எவ்வளவு தூரம் என்று எந்தப் படமும் சொல்லாது. முழுக்கோளப் படம் அதைச் சொல்லும். அது எதையும் சட்டத்துக்கு வெளியே தள்ளாது.

தள்ளாமல் வைப்பதன் அருமை பூஜாங் பள்ளத்தாக்கில் நமக்குச் சுட்டது. மெர்போக்கில் புக்கிட் பத்து பகாட் சண்டி (பழங்கோயில்) இன்று நிற்கிறதென்றால் 1960-ஐ ஒட்டி ஆய்வாளர் அலஸ்டர் லாம்ப் தலைமையில் கல் கல்லாக அடுக்கி மீட்டதால்தான். சுங்கை பத்துவில் 11-ஆம் எண் சண்டி 2013-இல் மேம்பாட்டுப் பணிக்காக இடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுப் பழமையைச் சேர்ந்த இடம் மண்ணோடு மண்ணானது. நாடே பேசியது, பேச்சு கல்லைத் திருப்பித் தரவில்லை. அந்த மேட்டின் நடுவில் நின்று யாராவது ஒரு முழுச்சுற்று எடுத்து வைத்திருந்தால், அந்தக் கற்களும் அவற்றைச் சுற்றிய நிலமும் எந்தெந்தத் திசையில் எப்படி இருந்தன என்பதையாவது நம் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கலாம்.

ஆகவே என் நிலை இது. காப்பாற்ற வேண்டியது முழுக்கோளப் படம். குட்டிக்கோள் அதிலிருந்து எடுத்துக் காட்டும் முகங்களில் ஒன்று. கோளை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்கக் கூடாது. கோளில் உச்சிவானம் எப்படியும் அறுபட்டிருக்கும், ஏனென்றால் அந்தப் புள்ளி இந்த வீழ்ப்பில் முடிவிலியில் இருக்கிறது. 270 பாகை பார்வையில் எடுத்தால் கோள், படத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 300 பாகை என்றால் கால்பங்கை ஒட்டி. கூர்மை கெடாமல் எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதற்கும் ஒரு சுருக்கு வழி உண்டு: மூலப்படத்தின் அகலத்தை 3.14-ஆல் வகுத்தால் வருவதே கோளின் குறுக்களவு. 6,000 புள்ளி அகலப் படத்திலிருந்து 1,900 புள்ளிக் கோள். அதற்கு மேல் இழுத்தால் மங்கும். மூலக்கோப்போடு தேதி, இடம், வடக்கு எந்தப் பக்கம் என்ற குறிப்பையும் எழுதிவையுங்கள். வடக்கு தெரியாத வட்டப்படத்தால் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்தான்.

குட்டிக்கோளைப் பற்றி இன்னொரு குறை சொல்வார்கள். அது எந்த இடத்தையும் தனித்து மிதக்கும் அழகிய உலகமாகக் காட்டிவிடுகிறது. சாலை எங்கே போகிறது, நிலம் யாருடையது என்ற கேள்விகளை அறுத்துவிடுகிறது என்று. இந்தக் குறையை நான் பெரிதாக மதிக்கிறேன். தோட்டம் தனி உலகமாக இருந்தது நம்மவர் விரும்பித் தேர்ந்ததால் அல்ல. விடியுமுன் பெரட்டு, சம்பளத்தில் பிடித்தம், கடைக்கும் மருந்துக்கும் தோட்டத்தையே நம்பும் நிலை எல்லாம் சேர்ந்து கட்டிய வேலி அது. அதை அழகான பச்சை உருண்டையாக்கிச் சுவரில் மாட்டுவதில் ஓர் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அதே படத்தில் அதற்கு மாற்றும் இருக்கிறது. எங்கே நிற்கிறோமோ அதுவே கோளின் நடு. தோட்டத்தை வகுத்தவர்கள் துரை பங்களாவை மேட்டில் வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் லயங்கள் கீழே ஒரு வரிசைக் கோடு. பங்களா வாசலில் முக்காலியை நிறுத்தினால் குட்டிக்கோளும் அதைத்தான் சொல்லும்: புல்வெளி நடுவில், லயம் விளிம்பில் ஒரு நூலிழை. குழாயடியில் நிறுத்திப் பாருங்கள். குடமும் வாளியும் சிமெண்டுத் தொட்டியும் நடுவுக்கு வரும். லயத்து வீடுகள் இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கும். வாசலில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியும். பங்களா எங்கோ விளிம்பில் ஒரு புள்ளி. ஒரே தோட்டம், ஒரே கணக்கு, ஒரே மென்பொருள். முக்காலியின் கால்கள் மட்டும் இருநூறு மீட்டர் நகர்ந்தன. இடத்தைத் தேர்ந்த பிறகே கேமராவைப் பையிலிருந்து எடுக்க வேண்டும் என்று என்னிடம் கற்க வரும் பிள்ளைகளிடம் சொல்வேன். எந்த மூலையை நடுவாக்கப் போகிறோம் என்று அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவரிடம் கேளுங்கள் என்றும் சொல்வேன். பெரும்பாலும் நாம் நினைத்திராத இடத்தைக் காட்டுவார்கள். ஒருவர் கோயில் ஆலமரத்தைக் காட்டினார். ஒருவர் பந்து விளையாடிய திடலை. ஒரு அம்மா, இப்போது வெறும் லாலான் புல்லாகக் கிடந்த நிலத்தில் பத்தடி நடந்து, "இங்கதான் எங்க அடுப்படி" என்று நின்றார்.

கடைசியாக, அந்த நடுப்புள்ளி. முக்காலியின் கால்கள் எப்படியும் படத்தின் காலடியில் விழும். குட்டிக்கோளில் அது சரியாக மையம். பலர் அங்கே தம் பெயரையோ முத்திரையையோ வட்டமாக ஒட்டி மறைக்கிறார்கள். சிலர் பக்கத்துப் புல்லை நகலெடுத்துப் பூசிவிடுகிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. சுற்று முடிந்ததும் முக்காலியை நகர்த்திவிட்டு, அது நின்ற தரையை மேலிருந்து நேராக ஒரு படம் எடுத்து, ஹுகினில் அந்த இடத்தில் பொருத்திவிடலாம். கால் மணி நேர வேலை. அந்த அம்மா காட்டிய இடத்தில் அப்படி எடுத்தபோது லாலான் வேர்களுக்கு நடுவே கரி படிந்த அரைச் செங்கல் ஒன்று கிடந்தது. அந்தக் கோளின் நடுவில் அது இருக்கிறது.